கோமளா எழுதிய இங்கிலீஷ்

கோமளாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தெரியும். படித்தவர்களுக்குத் தெரிகிற மாதிரி தெரியாது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் அவளைப் பத்தாம் வகுப்பிலேயே கைகழுவிவிட்டது. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு, ஜனங்கள் வாயிலும் சுவரிலும் கிடந்த இங்கிலீஷை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்துக்கொண்டாள். அப்படிப் பொறுக்கின இங்கிலீஷ் ஒரு ஆயுத பூஜைக்கு அப்புறம் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் கதை.

மேனாம்பேட்டில் மூன்று பிளாக்கும் தொண்ணூறு சொச்சம் வீடும் உள்ள ஒரு குடியிருப்பு. அதன் வாசல் மேசைதான் கோமளாவின் இடம். அதற்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினான்கு வருஷம் சட்டைக் காலர் பார்த்தாள். தைத்து வருகிற காலரில் முனை கோணலா, தையல் நழுவியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் மங்கிப்போனது. கண்ணாடி போட்டுக்கொண்டு செக்யூரிட்டி ஏஜென்சியில் சேர்ந்தாள். பகல் நேர மேசைக்கு அவள்தான் இன்சார்ஜ். வருகிறவர் போகிறவர் பெயர் எழுதுவது, கொரியர் வாங்கி வைப்பது, தண்ணீர் லாரி வந்தால் மூடி திறக்கச் சொல்வது, அப்புறம் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுவது. அந்தக் கடைசி வேலையில்தான் இங்கிலீஷ் வந்தது. குடியிருக்கிறவர்கள் மதுரை, தஞ்சாவூர், கரூர், நாகர்கோவில் என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். அத்தனை பேருக்கும் தமிழ் தெரியும். ஆனாலும் பலகையில் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்று சங்கத்தில் முடிவெடுத்திருந்தார்கள். ஏன் என்று கோமளா கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர்களுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

முதலில் அவளுக்குக் கிடைத்தது லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சிவப்பு வாக்கியம். "இன் கேஸ் ஆஃப் ஃபயர், டோன்ட் யூஸ் லிஃப்ட்." ஏ பிளாக் ஷோபனா டீச்சர் காய்கறிப் பையோடு வந்தபோது, "மேடம், இது இன்னா சொல்லுது?" என்று கேட்டாள். ஒருவேளை தீப்பிடித்தால் லிஃப்ட்டில் ஏறாதே என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போனார். கோமளா அதை அங்கேயே நின்று யோசித்தாள். வாக்கியத்தின் பின்பக்கம்தானே தீ, லிஃப்ட் எல்லாம். முன்பக்கம் "ஒருவேளை இப்படி ஆனால்" என்று மட்டும்தானே நிற்கிறது. காலர் ஒன்றாக இருந்தாலும் சட்டை உடம்பை மாற்றலாம், கோடு போட்டதும் வைக்கலாம், கட்டம் போட்டதும் வைக்கலாம். மறுவாரம் மழை வந்தபோது பலகையில் அவளே எழுதி ஒட்டினாள்: "இன் கேஸ் ஆஃப் ரெயின், டோன்ட் ட்ரை கிளாத்ஸ் இன் டெரஸ்." தொண்ணூறு வீட்டில் ஒருவர்கூட வந்து தப்பு என்று சொல்லவில்லை. மொட்டை மாடியில் துணியும் காயவில்லை. வேறென்ன வேண்டும்?

அன்றிலிருந்து பழைய விசிட்டர் ரிஜிஸ்டரின் பின்பக்கத்தில் இந்த முன்பக்கங்களைச் சேர்க்க ஆரம்பித்தாள். தனி வார்த்தையை எழுதவே மாட்டாள். அதில் பிடிவாதம். யாரும் கேட்டுக்கு வந்து வெறும் "ஆஃப்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை, வெறும் "ஆன்" என்று கேட்பதில்லை என்பது அவள் கட்சி. யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், சொன்ன பிறகு என்ன நடந்தது, எல்லாம் சேர்த்துத்தான் எழுதுவாள். "ஆன் தி வே" என்பதற்கு எதிரே, வந்துகொண்டிருக்கிறேன் என்றா எழுதியிருந்தாள்? இல்லை. "கேஸ் சிலிண்டர்காரர் சொன்னது. இன்னும் கிளம்பவில்லை என்று அர்த்தம்" என்று எழுதியிருந்தாள். "ஃபார் தி டைம் பீயிங்" என்பதற்கு, "இப்போதைக்கு என்பார்கள். சி பிளாக் வாசலில் உடைந்த ஓட்டுக்குப் பதில் பலகை போட்டபோது சொன்னார்கள். பலகை இரண்டு வருஷமாக அங்கேயே கிடக்கிறது." அகராதி எழுதுகிறவர்கள் இவளிடம் வந்து கேட்டுவிட்டுப் போகலாம். அது மிகை இல்லை.

இன்னொன்றையும் அவள் எழுதி வைத்திருந்தாள், பெரிதாக யோசிக்காமல். வீட்டுக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் தங்கள் தவறைச் சொல்லும்போது "பை மிஸ்டேக்" என்று ஆரம்பிப்பார்கள். பை மிஸ்டேக் என் நாய் உங்கள் செருப்பை எடுத்துவிட்டது. பை மிஸ்டேக் உங்கள் இடத்தில் வண்டியை விட்டுவிட்டேன். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் தவறு செய்தால் மட்டும் முன்பக்கம் மாறிவிடும். "டியூ டு நெக்லிஜென்ஸ் ஆஃப்" என்று வரும். இன்னாருடைய அலட்சியத்தால் என்று பொருள். தெரியாமல் நடந்தது என்கிற சலுகை அங்கே கிடையாது. இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதிவிட்டுக் கோமளா பேனாவை மூடி வைத்திருந்தாள்.

வசந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பி பிளாக்கைக் கூட்டித் துடைக்கிறவள். வந்து எட்டு மாதம். வீடு இரண்டு தெரு தள்ளி. படுத்த படுக்கையாகக் கிடக்கிற மாமியாருக்கு மத்தியானம் ஓடிப்போய்க் கஞ்சி கொடுத்து, துணி மாற்றிவிட்டு, அரை மணியில் திரும்பி வந்துவிடுவாள். அந்த அரை மணிக்காகவே இந்த இடத்தை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் இதே ஏஜென்சிக்காரர்கள் அவளைச் சென்னீர்குப்பம் பக்கம் ஒரு இடத்தில் போட்டிருந்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போய் வருவதற்குள் கிழவி பகல் பூராவும் ஈரத்திலேயே கிடந்திருக்கிறாள். மறுபடி அங்கே போகச் சொன்னால் வேலையை விடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று வசந்தா ஒருமுறை கோமளாவிடம் சொல்லியிருந்தாள்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருவோம்.

அன்று மாலை வாசல் மேசைக்குச் சந்தனம் வைத்தாயிற்று. தண்ணீர் மோட்டாருக்குப் பொட்டு, ஜெனரேட்டருக்கு மாலை, வண்டிகளுக்கெல்லாம் டயருக்கு டயர் எலுமிச்சம்பழம். பி பிளாக் ஆட்கள் இருபது பேருக்கு மேல் கீழே கூடியிருந்தார்கள். தட்டில் இரண்டு பழம் மிஞ்சியது. சங்கத்துச் செயலாளர் சண்முகசுந்தரம், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறவர், நல்ல மனுஷர், எதையும் அரைகுறையாக விடப் பிடிக்காதவர். அவர் கண் லிஃப்ட் மேல் போனது.

"கார் டயருக்கு வைக்கிறோம், பைக்குக்கு வைக்கிறோம். தினம் நம்மளத் தூக்கிக்கிட்டு ஏறி இறங்குறது இதுதான். இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் லிஃப்ட்டுக்கு டயர் ஏது? எங்கே வைப்பது என்று ஒரு விவாதம் நடந்தது. கடைசியில், கதவு ஓடுகிற பள்ளத்தில் வைத்தால் கதவு மூடும்போது நசுங்கும், அது டயர் ஏறினதற்குச் சமம் என்று செயலாளரே தீர்ப்புச் சொன்னார்.

"வசந்தா, வைம்மா."

வசந்தா பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். "சார், அது சின்ன பள்ளமா கீது. மாட்டிக்கினா?"

"ஒண்ணும் ஆகாது. வை."

நாலாவது மாடி ஞானசேகரன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றிருந்தார். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கத்துத் தலைவர். முட்டி ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பூஜை பார்க்க லிஃப்ட்டில் இறங்கி வந்திருந்தார். அவரும் சும்மா இருக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல தள்ளி வைம்மா. சென்டர்ல வெச்சாத்தான் ஈவனா நசுங்கும்" என்றார்.

வசந்தா தள்ளி வைத்தாள். கோமளா செல்போனில் வீடியோ படம் பிடித்தாள். செயலாளர் பொத்தானை அழுத்தினார். கதவு மூடியது, பழம் நசுங்கியது, எல்லாரும் கை தட்டினார்கள். சுண்டலும் பொரியும் கொடுத்தார்கள்.

லிஃப்ட் அதற்கப்புறம் மேலே போகவில்லை. கதவு மூடப் போகும், முக்கால்வாசியில் நின்று திறக்கும், மறுபடி மூடப் போகும். வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுகிற மாதிரி ஒன்றரை மணி நேரம் அதையே செய்துவிட்டு, உள்ளே ஏதோ கருகின வாசனையோடு அசையாமல் நின்றது. ஞானசேகரனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் நாலு மாடி தூக்கிப் போனார்கள். அவர் மேலே போகும் வழியெல்லாம், "திருப்பத்துல சாச்சுப் புடிங்கப்பா, சுவத்துல இடிக்கப் போறீங்க" என்று உத்தரவு போட்டுக்கொண்டே போனார்.

மறுநாள் விஜயதசமி விடுமுறை. அதற்கு மறுநாள்தான் லிஃப்ட் கம்பெனி மெக்கானிக் வந்தார். பள்ளத்தில் விரலை விட்டுக் கொட்டையும் தோலுமாக வழித்து எடுத்தார். கையை முகர்ந்து பார்த்தார். "ஊறுகாயா போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். கதவு மோட்டார் போய்விட்டது, புதுசு வர எட்டு நாள் ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

குழுவில் அதற்கப்புறம் பேச்சு வேறு திசையில் போனது. கை தட்டினவர்கள் யாரும் கை தட்டினதை ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அஞ்சாவது மாடிக்கு அரிசி மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஞாபகம் எப்படி இருக்கும்? யார் பொறுப்பு, யாரைக் கேட்டு வைத்தது, சங்கம் என்ன செய்கிறது என்று காலையில் ஆரம்பித்த செய்திகள் மத்தியானம் வரை ஓயவில்லை. சண்முகசுந்தரம் ஒவ்வொன்றையும் படித்தார். இரண்டு நாள் திட்டு வாங்கினால் எவருக்கும் நடந்த கதை தன் பக்கமாகக் கொஞ்சம் சாயத்தான் செய்யும். அவருக்கும் சாய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வாசல் மேசைக்கு வந்தார். அதற்குள் கோமளாவின் செல்போனில் அவர் அனுப்பின இங்கிலீஷ் வந்து உட்கார்ந்திருந்தது.

"கோமளாம்மா, அதை அப்படியே குரூப்புல போட்டுருங்க. உங்க ஏஜென்சிக்கும் அனுப்பணும். உங்க மேனேஜர் கிருபாகரன் சார் ரிப்போர்ட் கேட்டுட்டாரு. இன்சார்ஜ் நீங்கதானே, உங்க பேர்ல போனாத்தான் சரியா இருக்கும்."

கோமளா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். நாலே வரி. "டியூ டு நெக்லிஜென்ஸ் ஆஃப் ஹவுஸ்கீப்பிங் ஸ்டாஃப்" என்று ஆரம்பித்தது. கூட்டுகிறவளின் அலட்சியத்தால் லிஃப்ட் கெட்டது. "ஆன் பிஹாஃப் ஆஃப்" எங்கள் ஊழியர்கள், அதாவது எல்லா ஊழியருக்கும் பதிலாக நின்று, நான் வருந்துகிறேன். சம்பந்தப்பட்ட ஆள் "வித் எஃபெக்ட் ஃப்ரம் மண்டே", திங்கட்கிழமை முதல், இந்த இடத்திலிருந்து எடுக்கப்படுவார். கீழே கோமளா, இன்சார்ஜ் என்று போட்டிருந்தது.

ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புதிசில்லை. எல்லா முன்பக்கமும் அவள் ரிஜிஸ்டரில் இருந்தவைதான்.

"சார், வசந்தாவ எங்க போடுவாங்க?"

"அது ஏஜென்சி பாத்துப்பாங்கம்மா. சென்னீர்குப்பத்துல ஒரு சைட் இருக்குன்னாரு. வேலையை விட்டா எடுக்குறாங்க? இது ஒரு ஃபார்மாலிட்டிதான்."

"நீங்க வெக்கச் சொன்னீங்க சார்."

"வைன்னா, பாத்து வைக்கணும்ல." அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று நிஜமாகவே நம்பினார். "ஞாயித்துக்கிழமை மீட்டிங் இருக்கு. அதுக்குள்ள போட்டுருங்க." சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

வசந்தா கஞ்சி கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து வாளியை எடுத்துக்கொண்டிருந்தாள். கோமளா கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். மறைத்து வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. வசந்தா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"போட்டுடு க்கா."

"இன்னாத்த போட்டுடு?"

"நீ போடலன்னா ஒன்ன தூக்குவாங்க. அப்பால ரெண்டு பேருமே ரோட்ல நிக்கணும். எனுக்கு இன்னா, வேற ஊட்டு வேல கெடைக்கும்."

"ஒன் மாமியாக்கு மத்தியானம் யாரு போவா?"

வசந்தா துடைப்பக் குச்சி ஒன்றை உருவி ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சொன்னேன்ல க்கா, சின்ன பள்ளமா கீதுன்னு. நீ கூட படம் புடிச்சிகினு இருந்த."

அந்த வார்த்தை கோமளாவுக்குச் சுருக்கென்றது. ஆமாம், படம் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருத்தி கையில் பழம், இன்னொருவர் கையில் பொத்தான், சுற்றிலும் இருபது பேர். நாலு வரி இங்கிலீஷில் மிஞ்சினது ஒரே ஒரு கை.

"போய் வேலயப் பாரு. நான் எழுதறேன்."

"இன்னா எழுதுவ?"

"நடந்தத."

சனிக்கிழமை முழுக்க, கேட்டைத் திறந்து மூடுகிற இடைவெளியில் எல்லாம், கோமளா எழுதினாள். ரிஜிஸ்டரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, காலரைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி ஒவ்வொரு முன்பக்கமாகத் தேர்ந்தெடுத்தாள். வங்கியிலிருந்து வந்த கடிதங்களில் பார்த்தது "வித் ரெஃபரன்ஸ் டு", அதில் ஆரம்பித்தாள். கல்யாணப் பத்திரிகையில் வந்தது "ஆன் தி அக்கேஷன் ஆஃப்". அதற்குப் பின்னால் ஆயுத பூஜை போட்டாள். குழாய் ரிப்பேர் படிவத்தில் இருந்தது "அட் தி ரிக்வெஸ்ட் ஆஃப்", இன்னார் கேட்டுக்கொண்டபடி என்பது. அதற்குப் பின்னால் செயலாளர் சார். சாவி தொலைந்த வீட்டைச் சங்கத்தார் திறந்தபோது எழுதினது "இன் தி பிரசன்ஸ் ஆஃப்", இன்னார் முன்னிலையில் என்பது. அதைப் போட்டுவிட்டுச் செல்போன் படத்தை ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்தி, தெரிகிற முகத்தை எல்லாம் எழுதினாள். இருபத்து இரண்டு பேர். கடைசிப் பெயராகத் தன் பெயரையும், "வித் மை கேமரா" என்று சேர்த்து எழுதினாள்.

கடைசி வரிக்கு வந்தபோது பேனா நின்றது. பழம் எப்படி அங்கே போனது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டியூ டு நெக்லிஜென்ஸ் என்று எழுதக் கை வரவில்லை. ரிஜிஸ்டரில் அடுத்தடுத்து இருந்த அந்த இரண்டு வரியையும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று இருந்ததை எடுத்தாள். "பை மிஸ்டேக் ஆஃப் ஆல் ஆஃப் அஸ்" என்று எழுதினாள். எங்கள் எல்லாருடைய தவறால், தெரியாமல். எழுதிவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

குழுவில் போடவில்லை. முதுகுக்குப் பின்னால் செய்கிற வேலை அவளுக்குப் பிடிக்காது. சாயங்காலம் சண்முகசுந்தரம் வீட்டுப் படியேறி, வாசலில் நின்று காகிதத்தைக் கையில் கொடுத்தாள்.

"சார், நீங்க அனுப்புனதுல என் பேரு போட முடியாது. என்னால எழுத முடிஞ்சது இதான்."

அவர் படித்தார். காது சிவந்தது. "என்னம்மா இது? என் பேரு மூணு இடத்துல வருது."

"மூணு இடத்துல இருந்தீங்க சார்."

"இங்கிலீஷும் சரியில்லையே. எவ்வளவு மிஸ்டேக் இருக்கு பாருங்க."

"திருத்துங்க சார். நீங்க படிச்சவரு. எங்க வேணும்னாலும் திருத்துங்க. ஆளுங்கள மட்டும் எடுத்துடாதீங்க."

"நான் கிருபாகரன் சாருக்குப் போன் பண்ணா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும் சார். அவருக்கும் இதான் குடுப்பேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி ரேணுகா எட்டிப் பார்த்தார். சண்முகசுந்தரம் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. "நாளைக்குப் பாப்போம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எப்போதும் கார் நிறுத்துகிற இடத்தில்தான் நடக்கும். ஆனால் தலைவர் இல்லாமல் கூட்டம் செல்லாது என்பது சங்கத்து விதி. தலைவரோ நாலாவது மாடியில். நாற்காலியில் தூக்க இன்னொரு முறை ஆள் வரவில்லை. போன தடவை தூக்கின நாலு பேரும் ஊருக்குப் போயிருந்தார்கள், அல்லது ஊருக்குப் போனதாகச் சொன்னார்கள். ஆகவே கூட்டம் தலைவரைத் தேடிப் போனது. ஒருவர் பின் ஒருவராக மூச்சு வாங்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார்கள். ஞானசேகரன் வீட்டு நடைபாதையில் பாய் விரித்திருந்தது. முதல் பத்து நிமிஷம் யாராலும் பேச முடியவில்லை. அவர் மனைவி பத்மா சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றார் ஞானசேகரன், காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு. அந்தக் கூட்டத்தில் மூச்சு வாங்காமல் இருந்தவர் அவர் ஒருத்தர்தான். "நாலு நாளா நான் பேப்பரைக் கூடையில கயிறு கட்டித்தான் தூக்குறேன். இப்பத் தெரிஞ்சிருக்குமே. ரிப்போர்ட் எங்க?"

சண்முகசுந்தரத்தின் கை சட்டைப் பைக்குப் போனது. ஒரு பையில் கோமளாவின் காகிதம், செல்போனில் அவருடைய நாலு வரி. கோமளா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தா அவளுக்குப் பின்னால், படியில், பாதி மறைந்து நின்றாள்.

அவர் காகிதத்தை எடுத்தார். அதற்கு என்ன காரணம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். ராத்திரி ரேணுகா ஏதாவது சொல்லியிருக்கலாம். நாலு மாடி ஏறினதில் தலை தெளிந்திருக்கலாம். "கோமளாம்மா எழுதினது" என்று தலைவரிடம் நீட்டினார்.

ஞானசேகரன் ஃபேக்டரியில் வருஷக்கணக்காக இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கை படித்தவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு வரி இங்கிலீஷ், ஒரு வரி தமிழ் என்று சத்தமாகப் படித்தார். ஆயுத பூஜையை முன்னிட்டு, செயலாளர் கேட்டுக்கொண்டபடி, பள்ளம் சிறியது என்று வசந்தா முன்கூட்டியே சொன்ன பிறகும், கீழ்க்கண்டவர்கள் முன்னிலையில், ஒரு எலுமிச்சம்பழம். பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பாயில் ஒரு தலை குனிந்தது. எட்டாவது பெயரில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பன்னிரண்டாவது பெயர்க்காரர், "நான் சுண்டலுக்கு வந்தேன்பா" என்றார். "சுண்டலுக்கு வந்தாலும் முன்னிலைதான்" என்று சொல்லிவிட்டு ஞானசேகரன் மேலே படித்தார்.

அடுத்த வரியில் அவர் குரல் நின்றது.

"அண்டர் தி கைடன்ஸ் ஆஃப் பிரசிடெண்ட் சார்," என்று மெதுவாகப் படித்தார். "தலைவர் அவர்களின் வழிகாட்டுதலில், பழம் சற்று இடதுபுறமாக நகர்த்தி வைக்கப்பட்டது."

நடைபாதை முழுக்கச் சிரிப்பு. சண்முகசுந்தரமே சிரித்துவிட்டார். ஞானசேகரன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கதவோரம் பார்த்தார்.

"இன்னாம்மா கோமளா. என்னையும் விடலியா நீ?"

"நீங்க சொன்னீங்க சார். படத்துல உங்க கொரல் கேக்குது."

"சொன்னேன். யாரு இல்லன்னது? ஈவனா நசுங்கணும்னு சொன்னேன். ஈவனாத்தான் நசுங்கிச்சு." அவர் காகிதத்தை முட்டிமேல் வைத்து நீவினார். "முப்பத்து நாலு வருஷம் சர்வீஸ்ல எத்தினியோ ரிப்போர்ட் பாத்துட்டேன். எல்லாத்துலயும் கடைசில கூலி ஆள் ஒருத்தன் பேருதான் இருக்கும். மேல இருந்தவன் பேரு இருந்த ரிப்போர்ட் இதான். சண்முகம், என்ன சொல்றீங்க?"

சண்முகசுந்தரம் எழுந்து நின்றார். "நான்தான் வைக்கச் சொன்னேன். வசந்தா அப்பவே சொல்லுச்சு. நான் கேக்கல." பிறகு, ஏதாவது ஒன்றைச் சரிபண்ணாமல் விட மனம் வராமல், "ரெண்டு இடத்துல ஸ்பெல்லிங் மட்டும் பாத்துட்டு அனுப்பிரலாம்" என்றார்.

"ஏஜென்சிக்கு யாரு பேர்ல போவுது?" என்றாள் கோமளா. அவ்வளவு பேர் நடுவிலும் அவளுக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

"ஆன் பிஹாஃப் ஆஃப் பி பிளாக்," என்றார் செயலாளர். "நானும் சாரும் கையெழுத்துப் போடுறோம். உங்க பேரு எழுதினவங்கன்னு கீழ இருக்கும். வசந்தா இங்கதான் இருப்பாங்கன்னு ஒரு வரி சேத்துக்கலாமா?"

"சேத்துக்கலாம் சார். அது நான் எழுதறேன்."

பேனா வாங்கி, பத்மா வீட்டு ஷூ ரேக் மேல் காகிதத்தை வைத்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க எழுதினாள். "அட் எனி காஸ்ட்" என்று ஆரம்பித்தாள். என்ன ஆனாலும் சரி, வசந்தா பி பிளாக்கிலேயே இருப்பாள். அந்த இடத்துக்கு அது கொஞ்சம் அதிகப்படிதான் என்று செயலாளர் நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும். அவர் திருத்தவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் கிருபாகரன் சார் போன் செய்து, ரிப்போர்ட் கிடைத்தது, ஆளை மாற்ற வேண்டாம் என்று சங்கமே எழுதியிருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துக்கொண்டார். போனை வைத்தபோது வசந்தா மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வேர்க்க வேர்க்கக் கேட்டுக்குள் வந்துகொண்டிருந்தாள். கோமளா விஷயத்தைச் சொன்னாள்.

வசந்தா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "யக்கா, ஒண்ணு கேக்கணும். அதுல என் பேரு எத்தினி தடவ வருது?"

"சொன்னது ஒரு தபா, வெச்சது ஒரு தபா, இங்கயே இருப்பன்னு ஒரு தபா. மூணு."

"செக்ரட்டரி சாருது?"

"அவருதும் மூணு."

"அப்ப செரி" என்று சொல்லிவிட்டு வசந்தா வாளியைத் தூக்கினாள். லிஃப்ட்டுக்குப் புது மோட்டார் வர இன்னும் நாலு நாள் இருந்தது. படிக்கட்டுப் பக்கமாகப் போனாள்.